ரயரில் வைத்த குதிகால்

முரசுமோட்டை வயலில் என் நெல் மூட்டைகள் கிடந்தன. மழை இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் வந்த லொறி சேற்றில் புதைந்து திரும்பிவிட்டது.

அடுத்த லொறியின் சாரதி நரைத்த மீசைக்காரர். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ரயரிலும் காற்றைக் குறைத்து, வெறும் குதிகாலால் அழுத்திப் பார்த்தார்.

"அண்ணை, சில்லுக்குக் கீழ வைக்கல் போடட்டோ?" என்றேன்.

"மாட்டுக்குப் போடுங்கோ. ரயர் வயிறு தள்ளினாப் புதையாது."

மூட்டைகளோடு லொறி சுகமாக வெளியேறியது. தார் வீதியில் நிறுத்தி மறுபடி காற்றடிக்கலானார். தூறத் தொடங்கியது.

"நெல்லு நனையப்போகுது," என்றேன் மெதுவாக.

"படங்கை இழுத்துக் கட்டுங்கோ. இந்தக் குறைஞ்ச காத்தோட தார் றோட்டில ஓடினா ரயர் வெடிக்கும்."

தார்ப்பாயை மூட்டைகள் மேல் இழுத்துக் கட்டினேன். நெல் நனையவில்லை. அவர் ஆறு ரயரையும் குதிகாலால் அழுத்திப் பார்த்த பிறகே ஏறினார். இருக்கையருகே காற்றளக்கும் கருவி பிரிக்காத உறையோடு தொங்கியது.