பெட்டிகளுக்குப் பொன்னாடை

பிள்ளையார்பாளையத்தில் வீரபாகு என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். டவர் கம்பெனி என்பார் ஒருவர். போலீஸ் வயர்லெஸ் என்பார் இன்னொருவர். எதிர்வீட்டுக் காமாட்சியம்மாளைக் கேட்டால், "அந்தத் தம்பி ஊட்டுலயே குந்திக்கினு வெள்ளக்காரனுங்களோட சண்ட போடுது. அதுக்கு மாசாமாசம் சம்பளம் வருது" என்பாள். மூன்றில் அதுதான் உண்மைக்குப் பக்கம்.

தறிக்காரக் குடும்பம்தான். சிறுவயதில் தறியில் உட்கார வைத்த முதல் வாரமே பாவில் இழை இழையாக அறுத்துத் தள்ளினார். "இவன் படிக்கட்டும், பட்டாவது பிழைக்கும்" என்று அப்பாவே கொண்டுபோய்ப் படிப்பில் தள்ளிவிட்டார். அப்படித் தள்ளப்பட்டவர் ஐம்பதை நெருங்கும்போது, மின் மீட்டர் செய்யும் ஒரு கம்பெனி சார்பாக, உலக அளவிலான ஒரு குழுவில் உறுப்பினராக வந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தக் குழுவின் வேலையைச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ரேடியோ அலைகளுக்குக் காற்றில் தெருத்தெருவாக இடம் பிரித்திருக்கிறார்கள். பல தெருக்களில் உரிமம் வாங்கியவர்தான் நடமாடலாம். சில தெருக்கள் மட்டும் பொது. நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அப்படி ஒரு பொதுத் தெரு இருக்கிறது. கொஞ்சம் தாழ்ந்த அலைவரிசை. வீட்டு வைஃபை இரண்டு சுவர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும். இது தெருக்கோடி வரைக்கும் அசராமல் போகும். பொதுத் தெரு என்றால் உள்ள தொல்லைதான் இங்கேயும்: எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் பேசியதும் யாருக்கும் கேட்காது. ஆகவே எந்தக் கருவி எப்போது பேசலாம் என்று விதி எழுத வேண்டும்.

வீரபாகு நான்கு வருஷமாக எழுதிவரும் விதி இதுதான்: பேசுமுன் காது கொடு, வேறு யாராவது பேசினால் கொஞ்சம் பொறு. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று முடிவு செய்வதற்கே ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

"இதுக்கா இத்தினி மீட்டிங்கு?" என்று மனைவி சங்கரி கேட்டாள். "எங்க பெரியம்மா வந்தா அந்தம்மாவுக்கும் இந்த விதியப் போடுங்க. ஒருத்தரப் பேச விடறதில்ல."

குழுவில் எதிராளி ஒருவர் இருந்தார். உல்ரிக் என்ற ஸ்வீடன்காரர். அவருக்குக் காதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நொடி என்று அளந்து கொடுத்துவிட வேண்டும், அது முடிந்தால் வாய்க்குப் பூட்டு. இதுதான் அவர் கட்சி. அவசரச் சேதி சொல்ல வேண்டிய நேரம் பார்த்து அந்த ரேஷன் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பது வீரபாகு கட்சி. அக்டோபர் மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. முக்கால்வாசிப் பேர் கை தூக்கினால் வீரபாகுவின் விதி நிற்கும். இல்லாவிட்டால் நான்கு வருஷ உழைப்பு குப்பைக்கூடைக்குப் போகும்.

சான்று காட்டத் தன் தெருவையே சோதனைக்கூடம் ஆக்கியிருந்தார் வீரபாகு. வீட்டுக்கு வீடு மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. தொட்டி நிரம்பியதும் பெட்டி சேதி அனுப்பும். வீரபாகு வீட்டு மாடியில் உயரமான கம்பத்தில் இருக்கும் பெரிய பெட்டி அதைக் கேட்டு, அந்த வீட்டு மோட்டாரை நிறுத்தும். பல மாதமாகத் தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழியவில்லை. கணக்கெல்லாம் தானாகவே குழுவின் இணையதளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அழகழகான வரைபடங்கள்.

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எல்லாம் தலைகீழானது. பெட்டிகள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காமல் ஒரே நேரத்தில் கத்தின. பெரிய பெட்டிக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மோட்டார்கள் நிற்கவில்லை. ராஜவேலு வீட்டுத் தொட்டி வழிந்து, மாடிப்படி வழியாக அருவிபோல இறங்கி, துவைத்துக் காயப்போட்ட துணியை இன்னொரு முறை துவைத்தது.

"வீரபாகு, உன் பொட்டிங்களுக்குப் பூஜ லீவு விட்டுட்டியாபா?" என்று ராஜவேலு வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

வீரபாகு கணினி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நிரலைப் பிரித்தார், சேர்த்தார். காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார், குறைத்தார்.

"மாடிக்குப் போயி பொட்டியப் பாத்தீங்களா?" என்றாள் சங்கரி.

"பாக்கத் தேவையில்ல. எல்லாம் இங்கயே தெரியும்."

"தெரிஞ்சிதா?"

"இல்ல."

கூட்டம் நடக்கிற நாளும் வந்தது. நம் ஊர் நேரப்படி கூட்டம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையில் காமாட்சியம்மாள் வீட்டுத் தொட்டி வழிகிறது என்று சத்தம் கேட்டு, வேறு வழியில்லாமல் வீரபாகு அவள் மாடிக்கு ஏறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பெட்டியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் அரக்கு நிறத்தில் ஒரு சின்ன மாப்பிள்ளை நின்றிருந்தது. மேலிருந்து கீழ்வரை சரிகைத் துணி சுற்றி, மடிப்பு வைத்து, நாடாவால் இறுக்கிக் கட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும். பக்கத்து மாடியைப் பார்த்தார். அங்கே ஒரு பச்சை மாப்பிள்ளை. அதற்கப்பால் மாம்பழ நிறம். தெரு நெடுக ஒரே கல்யாணக் கூட்டம்.

"யக்கா, இது யாரு வேல?"

"நான்தான் போத்தனேன்" என்றாள் காமாட்சியம்மாள், கொஞ்சம் பெருமையாகவே. "ஆயுத பூசைக்குத் தறிக்குப் பொட்டு வச்சோம், தறிமேல இருக்கற ஜக்கார்டு பொட்டிக்கும் வச்சோம். இதுங்க மட்டும் என்னா பாவம் பண்ணிச்சி? வருசம் பூரா வெயில்ல நின்னுக்கினு சேவ பண்ணுது. ஒரு பொன்னாட போத்த வேணாமா? பொடவ முந்திக்கு டிசைன் பாக்கன்னு ஊட்டுக்காரரு நெய்ஞ்ச சரிகத் துண்டு டிரங்குப் பொட்டி நிறைய கெடக்குது. எல்லா மாடிக்கும் ஏறி நானே போத்தனேன். உன் ஊட்டுக் கம்பம்தான் எட்டல. மனசுல வச்சுக்காத."

வீரபாகு துணியைத் தொட்டுப் பார்த்தார். அசல் சரிகை. உள்ளே வெள்ளி. வெள்ளிக் கம்பியை நெருக்கி நெய்து ரேடியோப் பெட்டியைச் சுற்றினால், அதன் காதில் பஞ்சு வைத்து அடைத்ததற்குச் சமம். பக்கத்து வீட்டுக் குரல் கேட்காது. கேட்காததால் தெரு காலி என்று நினைத்து ஒவ்வொன்றும் பேசியிருக்கிறது. கம்பத்தின் உச்சியில் இருந்த பெரிய பெட்டிக்கு மட்டும் அத்தனை முனகலும் ஒன்றாகப் போய் விழுந்திருக்கிறது. விதி சரி. பெட்டி சரி. மரியாதைதான் அதிகமாகிவிட்டது.

"இத எடுத்துரணும்கா."

"போத்துன பொன்னாடைய உருவற ஊரு எங்கனா இருக்குதா?"

"காது கேக்கல அதுங்களுக்கு."

"பொட்டிக்கு ஏது காது? காலங்காத்தால என்னா பேசற?"

விளக்கிச் சொல்ல நேரமில்லை. வீரபாகு மாடி மாடியாக ஏறி உருவினார். காமாட்சியம்மாள் கீழே நின்று ஒவ்வொரு துண்டாக வாங்கி, உதறி, மடித்து, பேசாமல் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவள் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவுக்கே தெரியும்.

கூட்டம் தொடங்கியது. உல்ரிக் எடுத்த எடுப்பிலேயே பிள்ளையார்பாளையத்து வரைபடத்தைத் திரையில் போட்டார். பூஜைக்கு முன்னால் அமைதியான கோடு, பூஜைக்குப் பின்னால் முள்வேலி. "இது வீரபாகுவின் சொந்தத் தெரு. அவர் விதி அவர் தெருவிலேயே நிற்கவில்லை" என்றார்.

தலைமை வகித்த அம்மாள் வீரபாகுவைப் பேசச் சொன்னாள்.

"எங்கள் ஊரில் ஒருவர் நல்ல காரியம் செய்தால் தங்கச் சரிகை போட்ட துணியைப் போர்த்தி மரியாதை செய்வோம்."

"யாருக்குப் போர்த்தினார்கள்?" என்றார் உல்ரிக்.

"பெட்டிக்கு."

"பெட்டி என்ன நல்ல காரியம் செய்தது?"

"தண்ணீர் வழியாமல் பார்த்துக்கொண்டது."

கனடாவிலோ கொரியாவிலோ யாரோ மைக்கை மூட மறந்துவிட்டுச் சிரித்தார். வீரபாகு, காமாட்சியம்மாள் கண்ணில் படாமல் வைத்துக்கொண்ட ஒரு மாம்பழ நிறத் துண்டைக் கேமரா முன் பிடித்தார். "வெள்ளி இழை. பெட்டிகள் செவிடாகிவிட்டன."

சிரிப்பு அடங்கும்வரை உல்ரிக் பொறுத்திருந்தார். "நல்ல கதை. ஆனால் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்குத் துணி. நாளைக்கு இரும்பு அலமாரிக்குள் வைப்பார்கள். காதை நம்பும் உங்கள் விதி, காது அடைத்துப்போனால் என்ன செய்யும்?"

கேள்வி நியாயமானது. அதுதான் வீரபாகுவுக்கு எரிச்சலாகவும் இருந்தது. யோசித்துப் பார்த்தார். பெட்டி தப்பாகக் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காததை, ஒருவருமே இல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு.

"ஒரு வரி சேர்க்கிறேன்" என்றார். "நாள் முழுக்க ஒரு குரலும் கேட்காத கருவி, ஊர் காலி என்று முடிவு கட்டக் கூடாது. கோளாறு தன் காதில்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காது திரும்பக் கேட்கும்வரை உல்ரிக்கின் ரேஷன்படிதான் பேச வேண்டும்."

தன் பெயரைக் கேட்டதும் உல்ரிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வரியை ஒருமுறை தானே வாய்விட்டுப் படித்தார். மறுப்பு இல்லை என்றார். வாக்கெடுப்பில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு கை கூடுதலாகவே உயர்ந்தது. விதி நின்றது.

வீரபாகு கணினியை மூடப் போன நேரத்தில் தலைமை அம்மாள், "ஒன்று மட்டும். புதிய வரிக்குச் சோதனைக் கணக்கு வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள். அதே தெரு, அதே துணி. வராவிட்டால் விதியைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம்" என்றாள்.

வீரபாகு மெதுவாக எதிர்வீட்டுக்குப் போனார். காமாட்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யக்கா, அந்தப் பொன்னாடை..."

"பூட்டி வச்சிட்டேன்."

"மறுபடியும் போத்தணும்கா. எல்லாத்துக்கும்."

கீரை ஆய்ந்த கை நின்றது. "காலைல காது கேக்கலன்ன."

"அதுக்குத்தான். கேக்காம இருக்கணும் இப்ப. ரெண்டு வாரம். அப்பறம் எடுத்துரலாம்."

"போத்தச் சொல்றதும் நீ, உருவச் சொல்றதும் நீ. அந்தப் பொட்டிங்க உன்னப் பத்தி என்னாதான் நெனைக்கும்?" சாவியை மடியிலிருந்து எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. "நான் ஏற மாட்டேன்பா. முட்டி வலி. உருவன கையாலயே நீ போத்து. சும்மா சுத்திட்டு வந்துறாத. ஒவ்வொண்ணுக்கும் சந்தனம் வச்சி, கும்பிட்டுட்டுப் போத்து. நான் கீழ நின்னு பாப்பேன்."

சந்தனக் கிண்ணமும் துண்டுகளுமாக வீரபாகு முதலில் ராஜவேலு வீட்டு மாடிக்கு ஏறினார். தண்ணீர்த் தொட்டிப் பெட்டிக்கு முன்னால் நின்று, தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கை கூப்பினார். ராஜவேலு செல்போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.