பவுடர் மணக்கும் மீனவன்

பசிபிக் பெருங்கடல் இதுவரை தோற்றுப்போனது ஒரே ஒரு மனிதனிடம்தான். அவன் என் மருமகன் பரனிகோ. இப்படித்தான் நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். மிகைதான், ஒப்புக்கொள்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: படகின் இயந்திரம் நின்றுபோனது. பத்தொன்பது நாள் மிதந்தான். பச்சை மீனைத் தின்றான், மழைநீரைத் தார்ப்பாயில் பிடித்துக் குடித்தான். கடைசியில் ஒரு சூரைமீன் கப்பல்காரர்கள் அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மருமகனை 'அவர்' என்று எழுதச் சொல்கிறாள் என் மகள் ரோத்தியா. மரியாதை அவனுக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அதுதான் வினையே.

எங்கள் அபயாங் தீவில் ஒருவன் பேச்சோ ஆட்டமோ பிடித்துவிட்டால், பெண்கள் எழுந்துபோய் அவன் கழுத்தில் பவுடரைக் கொட்டுவார்கள், சென்ட் அடிப்பார்கள். ஊர் மண்டபத்தில் பரனிகோ எழுந்து நின்று, "அஞ்சாம் நாள், ஒரு சுறா..." என்று ஆரம்பித்தால் போதும், பவுடர் மழைதான். பக்கத்து ஊரில் கூப்பிட்டார்கள், அதற்கடுத்த ஊரிலும் கூப்பிட்டார்கள். ஒரு சுறா மூன்று சுறா ஆயிற்று. மூன்றில் ஒன்று நான் கொடுத்தது. மற்றவர்களின் புருஷன்மார் மீன் வாடையோடு வீடு திரும்பினார்கள்; ரோத்தியாவின் புருஷன் மல்லிகைப் பவுடர் வாசனையோடு வந்தான். கையில் ஒரு நெத்திலிகூட இல்லை.

இப்படியே ஏழு மாதம். வீட்டுத் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியில் கோழி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது.

கேட்டால் ஒரு காரணம் வரும். "தோணிப் பக்கத்து மிதவைக்கட்டையோட கயிறு தளர்ந்திருக்கு, அத்தை." கயிறு திரித்துக் கொடுத்தேன். "காத்து சரியில்ல." காற்றும் திரும்பியது. "நிலா சரியில்ல." நிலாவை நான் எங்கே போய்த் திருப்ப?

இதற்குள் பேத்திக்கு முதல் பிறந்தநாள் வந்துவிட்டது. எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஊர் முழுக்க மண்டபத்தில் உட்கார்ந்து சாப்பிடும். கிழங்கு நான் தோண்டுவதாகவும், பன்றி என் தம்பி தருவதாகவும் ஏற்பாடு. "மீன் என் பொறுப்பு" என்று பரனிகோ ஊர் முன்னால் சொல்லிவிட்டான், கழுத்தில் பவுடரோடு.

விருந்துக்கு இரண்டு நாள் இருக்கையில் ரோத்தியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"எம் புள்ள பந்தியில டப்பா மீனைத் திறந்து வெக்கச் சொல்றீங்களா?"

"போறேன்னு சொன்னேனில்ல?"

"எப்போ? அவளுக்குக் கல்யாணம் ஆகறப்பவா?"

"பத்தொம்போது நாள் நீ கடல்ல கிடந்து பாத்தியா?"

"கிடந்தவருக்கு ஒரு காலைப்பொழுது போயிட்டு வர என்ன கேடு?"

நானும் சும்மா இருக்கவில்லை. "கடலையே தோற்கடிச்ச வீரனய்யா நீ, போயேன்!" என்று கத்தினேன்.

அவன் நேரே கரைக்குப் போய்த் தண்ணீரில் இறங்கினான். முழங்கால் நனைந்ததும் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, மணலில் குந்தி வாந்தி எடுத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழு மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் கண்ணில் படவில்லையே! எரிச்சல் அவன்மேலா என்மேலா என்று தெரியாமல் அவன்மேலேயே கொட்டினேன்.

"பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சா என்ன?"

"எப்படிச் சொல்றது, அத்தை? கடலே தோத்துப்போச்சுன்னு நீங்க சொல்லிட்டு வந்துட்டீங்களே."

அன்று மாலை விருந்து ஏற்பாடு பேச மண்டபத்தில் கூடினோம். வழக்கம்போல யாரோ, "பரனிகோ, அந்தச் சுறாவைச் சொல்லு!" என்றார்கள். பெண்கள் பவுடர் டப்பாவைத் திறந்துகொண்டார்கள். அவன் எழுந்தான்.

"சுறா ஒண்ணுகூட வரல," என்றான். "அஞ்சாம் நாள் அழுதேன். மத்த நாளும் அழுதேன். இப்போ முழங்காலுக்கு மேல தண்ணி ஏறினா மூச்சு நிக்குது. எம் பொண்ணு விருந்துக்கு மீன் வேணும். யாராவது என்னையும் கூட்டிட்டுப் போங்க."

திறந்த டப்பாவைக் கொட்டுவதா மூடுவதா என்று தெரியாமல் பெண்கள் விழித்தார்கள். மூன்று சுறாவும் ஒரே நொடியில் போன கடுப்பு எனக்கு. எவ்வளவு அருமையான சுறாக்கள்!

எங்கள் ஊரிலேயே மூத்த மீனவர் தியோத்தி தொண்டையைச் செருமினார். "விடியறப்போ வா. பழைய துணி கட்டிட்டு வா. வாந்தி வந்தா வெளிய எடு, என் படகுக்குள்ள எடுத்தே, பாதிக் கடல்ல இறக்கி விட்டுருவேன்."

ஒருவர் சிரித்தார், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பரனிகோவும் சிரித்தான்.

மறுநாள் உச்சிவெயிலில் படகு திரும்பியது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. ஆனால் படகில் விளிம்புவரை மீன்! முந்நூறு சூரை, ஒவ்வொன்றும் என் பேத்தி உயரம், அத்தனையும் என் மருமகன் கையால் பிடித்தது. விருந்தில் ஊரே தின்றும் தீரவில்லை...

பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் கயிற்றில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவன் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தான்.

"முப்பத்தொண்ணு, அத்தை. இருபத்தொம்போது தியோத்தி மாமா பிடிச்சது. நான் ரெண்டு. அதுலயும் ஒண்ணு ரொம்பச் சின்னது. அடிச்சிட்டு எழுதுங்க."