கயிற்றின் கீழ்நுனியில் ஒரு முதலாளி

போன வாரம் வரை நான் பார்த்த காட்சி இது: இடுப்பில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, சுவரில் ஒரு காலை முட்டுக்கொடுத்து நிற்கிறார் ஜஹாங்கீர் பாய். கயிறு எங்கள் தொழிற்சாலைக் கூரை முகட்டில் கட்டிய கப்பியில் ஏறி இறங்கி, சரிவில் கண்ணாடி மாற்றிக்கொண்டிருக்கும் சுயம்புவின் இடுப்பில் முடிகிறது. பாய் மேலே பார்ப்பதே இல்லை. "இப்போ குந்திகினான் பாரு. மக்கு வெக்கிறான்," என்கிறார். குமாஸ்தாவான நான்தான் அண்ணாந்து பார்க்கிறேன். சுயம்பு குந்தித்தான் இருக்கிறார். கண்ணாடியைச் சட்டத்தோடு ஒட்டும் மக்கு உருண்டை கையில் இருக்கிறது.

இப்படிக் கயிறு பிடித்து நிற்பவரைக் கூலியாள் என்று நினைத்து வெற்றிலை வாங்கிவர அனுப்பியவர்கள் உண்டு. பாயும் வேலை முடிந்ததும் போய் வாங்கி வந்திருக்கிறார். தண்டையார்பேட்டையில் 'ஜஹாங்கீர் சுயம்பு கண்ணாடிக் கம்பெனி' என்ற பலகைக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலியும் மின்விசிறியும் இருக்கின்றன. துறைமுகத்திலிருந்து கண்ணாடிப் பெட்டிகள் வைக்கோல் மெத்தையோடு அங்கேதான் வந்து இறங்கும். கொருக்குப்பேட்டைக் கிடங்குகள் தொடங்கி எண்ணூர் வரைக்கும் அவர் போட்ட ஜன்னல்கள்தாம். ஆனால் சுயம்பு கூரை ஏறும் நாளில் நாற்காலி காலிதான்.

பாய்க்கு உயரம் என்றால் ஆகாது. சினிமாவுக்குப் போனால் மாடி டிக்கெட் வாங்க மாட்டார். வீட்டில் பரண்மேல் இருக்கும் பானையை எடுப்பதும் அவர் மனைவி மலிகாதான். "ஆலைங்க மேல எல்லாம் கண்ணாடி போட்டவராம். எங்க வூட்டு முக்காலி மேல ஏறச் சொல்லு, பாக்கலாம்," என்று அந்த அம்மாள் விருந்தாளிகளிடமே போட்டுக்கொடுப்பார். பாய் சிரித்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார்.

இவர் எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தார்? யுத்த காலத்தில் குண்டு விழும் என்ற பயத்தில், இந்தப் பக்கத்து ஆலைகளின் கூரைக் கண்ணாடிகளுக்கெல்லாம் கறுப்புச் சாயம் பூசினார்கள். யுத்தம் போயிற்று, சாயம் போகவில்லை. பட்டப்பகலில் விளக்கு ஏற்றி வேலை நடந்தது. அப்போது வண்ணாரப்பேட்டையில் படங்களுக்குக் கண்ணாடி போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்த பாய், ஓர் ஆலைக்குப் போய், எல்லாவற்றையும் சுரண்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். வெளியே வந்த பிறகுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தாராம். தலை கிறுகிறுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில், மீன் படாத மாதமாகையால் கூலி தேடி வந்திருந்த நெட்டுக்குப்பத்துச் சுயம்பு நின்றிருந்தார். கட்டுமரத்தில் நிற்கத் தெரிந்தவனுக்குக் கூரை என்ன பெரிய விஷயம் என்று அவர் கேட்டார். கம்பெனி அன்றைக்குப் பிறந்தது. சுரண்டும்போது உடைந்ததை மாற்றினார்கள். மாற்றியது ஒழுகாமல் இருக்கவே அடுத்த ஆலைக்காரர் கூப்பிட்டனுப்பினார்.

அன்று முதல் சுயம்பு விடாமல் செய்யும் கேலி ஒன்று உண்டு. "கயிறு புட்சிகினு நிக்கிறதும் ஒரு வேலையா நைனா?"

இந்தக் கேலிதான் கடைசியில் பாய்க்கு முள்ளாகக் குத்தியது. கண்ணாடிக் கூரையில் இரும்புச் சட்டத்தின்மேல்தான் கால் வைக்க வேண்டும். கண்ணாடியில் வைத்தால் ஆள் நேரே இயந்திரத்தில் விழுவான். போன வாரம் சுயம்பு கண்ணாடியில் வைத்துவிட்டார். கயிறு வெடுக்கென்று இழுத்தது. பாய் விடவில்லை. கீழே வந்த சுயம்பு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக் காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். அது தூசி இல்லை. அவர் கால் சட்டத்தைத் தேடித் தேடி வைப்பதைப் பாய் சில மாதங்களாகவே கயிற்றில் உணர்ந்திருக்கிறார். சுயம்புவின் கண்ணில் பூ விழுந்திருக்கிறது. அவருடைய அக்கா மகன் ரகுபதி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், கூரை வேலை நன்றாகவே கற்றிருக்கிறான். ஆனால் கயிறு பிடிப்பதை வேலையாகவே மதிக்காத சுயம்புவைக் கீழே நிறுத்த யாருக்கு வாய் வரும்? நிறுத்தினால் அவமானம் தாங்காமல் கம்பெனியையே விட்டுப் போய்விடுவார். போகாமல் ஏறினால் ஒருநாள் விழுவார். பாய் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மலிகா அம்மாள் சொன்னார். பாவமாக இருந்தது எனக்கு.

நேற்றுக் காலை மிச்ச வேலைக்கு ரகுபதியோடு வந்தார்கள். சுயம்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்று நுனிக்குக் கை நீட்டினார். பாய் கொடுக்கவில்லை. அந்த நுனியைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு, மற்ற நுனியைச் சுயம்புவின் கையில் திணித்தார்.

"உனுக்கு இன்னா பேஜாரு பாய்?" என்றார் சுயம்பு.

"நீ புட்சா நான் ஏறுவேன். வேற எவன் புட்சாலும் ஏற மாட்டேன்."

சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தார். கண்கள் இறுக மூடியிருந்தன. உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. சிரிக்க வாயெடுத்த ரகுபதி சிரிக்காமலே நின்றுவிட்டான். பாதி ஏணியில் பாய் அப்படியே நின்றார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

சுயம்பு மேலே பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலது காலு நடுங்குது பாய். அப்டியே நில்லு. நான் புட்சிகினு கீறேன்," என்றார்.

பிறகு கயிற்றை இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்றும் சுற்றிக்கொண்டு, சுவரில் காலை முட்டுக்கொடுத்து நின்றார்.