சுனையில் பிளீச்சிங் பவுடர் கொட்டிய கல்ஃபான்

கல்ஃபான் வாயைத் திறந்தால் ஆட்டை அதட்டத்தான் திறப்பார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மனைவி ரய்யாவிடம் அவர் பேசியதைச் சேர்த்து எழுதினால் ஒரு பக்கம் தேறாது. ஆனால் அவள் லேசாக இருமினாலே போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. ஓமானின் அந்த வறண்ட மலைமேல் அவர்களுக்கு இருந்தது ஒரே தண்ணீர், குகைக்குள் ஊறும் சுனை.

அந்தச் சுனையில் அரிசிக் குருணை அளவுக்கு வெள்ளைப் பூச்சிகள் உண்டு. கண் கிடையாது. தண்ணீர் மொள்ளும்போது முக்காட்டுத் துணியில் வடிகட்டி, ஒட்டியவற்றை உதறித் திரும்பச் சுனையிலேயே விடுவது அந்த வீட்டு வழக்கம்.

போன மாதம் ரய்யா வயிற்றுக் கடுப்பில் நாலு நாள் படுத்துவிட்டாள். "சுத்தமான தண்ணி குடுங்க" என்றார் கீழூர் டாக்டர். நம்ம ஆள் என்ன செய்தார் தெரியுமா? ஒரு டப்பா பிளீச்சிங் பவுடரை வாங்கிவந்து அப்படியே சுனையில் கொட்டிவிட்டார். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பாரா!

மறுநாள் ரய்யா துணியை விரித்தாள். ஒன்றும் அசையவில்லை. நெடி மூக்கைத் துளைத்தது.

"என்னத்தைங்க போட்டீங்க?"

"தண்ணியைச் சுத்தம் பண்ற பவுடர்தான். உனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"அதுக்கு இதுங்க உசிரை எடுப்பீங்களா? முப்பது வருஷமா இதுங்ககிட்டத்தாங்க நான் பேசுறேன். நீங்கதான் பேசுறதில்லையே!"

கல்ஃபான் அன்றே வாளியோடு குகைக்குள் இறங்கிச் சுனையை வற்ற இறைத்தார். பாறை இடுக்கிலிருந்து ஊற ஊற, மறுபடி இறைத்தார். பதினோரு நாள். குடிக்கக் கீழூரிலிருந்து கழுதைமேல் தண்ணீர் வந்தது. ரய்யா குகைப் பக்கமே வரவில்லை. ஒன்றாவது மிஞ்சியிருக்கக் கூடாதா என்று மனுஷன் வெளிறிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் குகைக்குள்ளிருந்து கத்தல்.

"ரய்யா! ஓடி வா! இடுக்குலேர்ந்து வருது! மூணு! இல்ல, நாலு!"

அவள் ஓடினாள். தண்ணீரைப் பார்க்கவில்லை, தோல் உரிந்த அவர் கைகளைப் பார்த்தாள்.

"இப்படியா போட்டு இறைப்பாங்க?"

"பயந்துட்டேன் புள்ளே. நீ படுத்திருந்த நாலு நாளும் நான் தூங்கவே இல்ல. சொல்லத் தெரியல."

"இப்பச் சொல்லுங்க."

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தார்.