எந்தத் தேசத்துக் காவல்?

என் வீட்டுக்காரர் கொம்யூன் சபையில் போய் உட்கார்ந்தது அவர் ஆசைப்பட்டு நடந்ததல்ல. எங்கள் பக்கத்துப் பெரிய நிலக்காரர் ஒருவர் மேர் ஆக வேண்டும் என்று ஆள் சேர்த்தார். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் பல ஊர் சேர்ந்தது ஒரு கொம்யூன்; அதன் தலைவரை மேர் என்போம்; சபை கூடுகிற கட்டடத்தை மேரி என்போம். எங்களைப் போன்ற கிறிஸ்துவ வேதக்காரர்கள் ஓட்டும் விழ வேண்டுமானால் அவர் ஆட்களில் வேதக்காரர் ஒருவரும் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் கொஞ்சம் நிலமும் கொஞ்சம் படிப்பும் இருந்தவர் இவர்தான். ஒரு நாள் அறுப்பு நடந்துகொண்டிருக்கும்போது களத்துக்கே வந்து கேட்டார்கள். இவர் கையில் கதிரோடு நின்று தலையாட்டிவிட்டார்.

நான் வில்லியனூர்ப் பக்கம் பிறந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு, பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். சபையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கிற வழக்கம் எனக்கு இருந்தது. இவரும் சொல்வார். ஏரி மதகு, சுடுகாட்டுப் பாதை, சாராயக்கடையை எந்தத் தெருவில் வைப்பது, இவைதான் பேச்சு. மேர் ஆகிவிட்ட அந்த நிலக்காரர் எதைச் சொல்கிறாரோ அதற்கு எல்லாரும் கை தூக்குவார்கள். இவரும் தூக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

பிறகு யுத்தம் வந்தது. பிரான்சு ஜெர்மன்காரன் கையில் விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாமியார் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் பிரான்சிலிருந்து வந்த கிழவர். பீடத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம், புதுச்சேரி மட்டும் இங்கிலீஷ்காரனோடு சேர்ந்து யுத்தத்தில் நிற்கிறது என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பதுதான் விளங்கியது. ஜப்பான்காரன் கப்பல் வரப்போகிறது என்று மதராசிலிருந்து ஜனங்கள் கிளம்பிவிட்ட கோடையில், மதகடிப்பட்டு ரோட்டில் சட்டிபானையும் கட்டிலும் ஏற்றிய வண்டிகள் போவதை என் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னான். அதற்குப் பிறகுதான் எங்கள் ஊரிலும் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் மீன்காரி வந்து கேட்டாள். கடலோரக் குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். ஏறக்குறைய என் வயது. அவள் புருஷனும் கொழுந்தனும் சேர்ந்து ஒரு கட்டுமரம் வைத்திருந்தார்கள்; குப்பத்தில் அதைக் கட்டை என்பார்கள். சின்னப் பையன் ஒருவன் உண்டு. கூடையை இறக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, எங்க கட்டைய எல்லாம் புடுங்கினு போவப் போறாங்களாமே. ஐயாவுக்குத் தெரியுமா?"

இவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து வந்து, "யாரு சொன்னா?" என்றார்.

"போலீசுக்காரர் சொல்லிட்டுப் போனாரு. ராவுல கடலுக்குப் போவக் கூடாதாம். கட்டைங்களப் பிரிச்சி மேர் ஐயா தென்னந்தோப்புல கொண்டாந்து போட்டுடணுமாம். பொழுது விடிஞ்சி கேட்டு வாங்கினு போவணுமாம். தோப்பு எங்க கீது, கடல் எங்க கீது? தூக்கினு போய்க் கட்டி எறக்கறதுக்குள்ள உச்சி வெயிலு வந்துடும். அதுக்கப்புறம் எந்த மீனு எங்களுக்காவக் குந்தினு இருக்கும்?"

இவர் அவளை உட்காரச் சொல்லி இன்னும் சில கேள்விகள் கேட்டார். கடைசியில், "சபையில வரும். வந்தா கேக்கறேன்" என்றார். அவர் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

சபை கூடிய அன்று மீன்காரி என்னைத் தேடி வந்தாள். "நீயும் வாயேன்மா. நான் ஒண்டியா நின்னா தொரத்துவாங்க" என்றாள். மேரிக்குள் பெண்கள் போவதில்லை. பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே புங்கமரத்தடியில் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மேர் பக்கத்தில் புதுச்சேரிப் பட்டணத்திலிருந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி உட்கார்ந்திருந்தார். சபையில் உறுப்பினராக இருந்த வாத்தியார் எழுந்து, பிரெஞ்சில் இருந்த உத்தரவைப் படித்துத் தமிழில் சொன்னார். மீன்காரி சொன்ன அதே விஷயம்தான். எதிரி கடல் வழியாக வந்தால் கரையில் கிடக்கிற கட்டுமரங்களைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவான். குப்பத்து ஆட்கள் இருட்டில் போய் அவனுக்கு வழிகாட்டிவிடலாம். தேசத்தின் பாதுகாப்புக்காகச் சபை இதற்குச் சம்மதம் தர வேண்டும்.

"சம்மதிக்கறவங்க கை தூக்குங்க" என்றார் மேர்.

கைகள் எழுந்தன. இவர் எழுந்து நின்றார்.

"ஒரு வார்த்தை. கப்பல் ஏறி இம்மாந் தூரம் வர்றவன் கட்டுமரத்துக்கா காத்துனு இருப்பான்?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். மேரும் சிரித்தார். "உனக்கு நிலத்துல வேல, அவங்களுக்குக் கடல்ல வேல. நீ ஏன்யா இதுல?"

"அவங்க இங்க இல்லியே. அதான் கேக்கறேன். கட்டைய வாங்கி வெச்சிக்கிட்டா அவங்க வயித்துக்கு இன்னா வழி? அதையும் ஒரு வரி சேத்துக்கிட்டு ஓட்டு கேளுங்க."

"இது தேசத்துக் காவல் விஷயம். இதுல ரெண்டு பேச்சு கெடையாது."

"ரெண்டு பேச்சு கெடையாதுன்னா எங்கள எதுக்குக் கூப்ட்டீங்க?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. மேர் முகம் கறுத்துவிட்டது. "உக்காருய்யா. தேசத்துக்கு ஆபத்துன்னா மனுஷன் கேள்வி கேக்கறதா?"

இவர் உட்காரவில்லை. இவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். ஜன்னலில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

"எந்த தேசத்துக்கு? பிரான்சு புடிபட்டுக் கெடக்கு. இங்கிலீஷ்காரன் எல்ல நம்ம வரப்புல கீது. கடலோரத்துல குடியிருக்கறவன் இந்த தேசத்துல சேர்த்தியா இல்லியா? எந்த தேசத்துக் காவலுன்னு சொல்லிட்டுக் கேளுங்க."

அதிகாரி வாத்தியாரைப் பார்த்து ஏதோ கேட்டார். வாத்தியார் தயங்கினார். அதிகாரி மறுபடி கேட்டார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு பிரெஞ்சில் சொன்னார். முழுவதும் சொன்னாரா, பாதி சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மறுபடி ஓட்டு எடுத்தார்கள். இவர் ஒருவர் கைதான் தூக்காத கை. மீன்காரி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். "கேட்டுட்டாருமா" என்றாள். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் போனாள்.

அடுத்த வாரம் மத்தியானம், சோறு போட்டிருந்த நேரத்தில், போலீஸ்காரர் ஒருவர் வந்து பட்டணத்தில் கூப்பிடுகிறார்கள் என்றார். கையைக் கழுவிக்கொண்டு போனவர் சில நாள் திரும்பவில்லை. அடித்தார்களா என்று நான் கேட்டதற்கு இல்லை என்றார். ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்களாம். ஜப்பான்காரனிடம் உனக்கு யார் பழக்கம்? குப்பத்தில் உனக்கு யார் பழக்கம்? மீன் வாங்குகிற பழக்கம் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதை எழுதிக்கொள்ளவில்லையாம்.

அவர் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நடவுக்கு ஆள் சொல்லிவிட்டால் நாளைக்கு நாளைக்கு என்றார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாரிடமும் இரண்டு வார்த்தை பேசுகிற சாமியார், நாங்கள் வரும்போது உள்ளே திரும்பிவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஊர் என்ன ஆயிற்று என்றே தெரியாமல் இருந்த மனிதர். என் பெரிய மகளைக் கேட்டு வந்திருந்த வீட்டுக்காரர்கள், யுத்தம் முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் இவர் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது இவர் அண்ணன் வந்து பேசியது. என் மூத்தார் சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர். தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்தவர். கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நடுவீட்டில் நின்றார்.

"டேய், என் பென்ஷன நிறுத்திடுவோம்னு சொல்றாங்க. நான் அந்தக் கொடிக்குக் கீழ நின்னு குண்டு பட்டவன். உன் வாய்க்கு நான் இந்த வயசுல பிச்ச எடுக்கணுமா?"

"நான் ஒண்ணும் தப்பாக் கேக்கலியே அண்ணா."

"கேட்டது தப்புடா. பதில் இல்லாத கேள்விய ஏண்டா கேக்கற?"

அண்ணன் போன பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன இவர் தொட்டி ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மாடு குடித்து முடித்து எப்போதோ போய்விட்டது.

குப்பத்துக் கட்டைகள் அதற்குள் மேர் தோப்புக்கு வந்துவிட்டன. முதலில் கொஞ்ச நாள் ஆண்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்கள். பிறகு தோப்புக் காவலாள் வருகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. ஆவணி முடிவதற்குள் யாரும் கேட்டு வருவதில்லை என்றாகிவிட்டது. மீன்காரி மீன் இல்லாத கூடையில் கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டு வருவாள், சுண்ணாம்புக் காளவாய்க்குப் போடுவதற்கு. நான் பழைய சோறு வைப்பேன். கையில் வாங்கிக்கொண்டு, "பையனுக்கு" என்று முடிந்துகொள்வாள்.

ஐப்பசியில் அவள் புருஷன் வாழைத்தண்டுகளையும் முருக்கங்கட்டைகளையும் சேர்த்துக் கட்டி, விடியற்காலையில் முகத்துவாரத்தைத் தாண்டிப் போயிருக்கிறான். கடல் கெட்டிருந்த நாள். கட்டை கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

அந்த மாதமே சபையைக் கூட்டினார்கள். இந்தத் தடவை அவள் என்னைத் தேடி வரவில்லை. இவர் முகத்தைப் பார்த்துப் பயந்துதான் நான் பின்னாலேயே போனேன். ஜன்னல் பக்கம் அவள் ஏற்கெனவே நின்றிருந்தாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. கொழுந்தனுடைய கட்டைகளையாவது திருப்பிக் கொடுப்பார்களா என்று கேட்டுப் போக வந்திருந்தாள்.

மேர் எழுந்து, கொம்யூனில் ஒரு குடிமகன் இறந்துபோனதற்குச் சபை வருந்துகிறது என்றார். எல்லாரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள். அந்த மூச்சோடு அடுத்ததைச் சொன்னார். உத்தரவை மீறிக் கடலில் இறங்கியதால்தான் இந்தச் சாவு. இனிமேல் கட்டை என்றில்லை, மிதக்கிற எதை வைத்துக்கொண்டு இறங்கினாலும் சிறை. இது அவர்கள் உயிருக்கும் பாதுகாப்பு, தேசத்துக்கும் பாதுகாப்பு.

"சம்மதிக்கறவங்க?"

கேட்டுவிட்டு மேர் இவரைத்தான் பார்த்தார். சபை முழுவதும் இவரைப் பார்த்தது. இவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். தோளுக்கு மேலே போகவில்லை அந்தக் கை. அதுவே போதும் என்று எண்ணிக்கொண்டார்கள்.

"ஐயாவுமா" என்றாள் மீன்காரி. என்னிடம் கேட்கவில்லை. பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ரோட்டில் இறங்கிக் கிழக்கே நடந்தாள். நான் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர், "கொழம்பு ஆறிடுச்சா?" என்றார். சுடவைத்துப் போட்டேன். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. அதற்குப் பிறகு நடவுக்கு ஆள் வந்தது. சாமியார் பேசினார். அண்ணன் பென்ஷன் நிற்கவில்லை. மகளைக் கேட்டு வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். தை மாதம் கோயிலில் கல்யாணம் நடந்தது. மேர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இவர்தான் அவர் இலையைப் பார்த்துப் பரிமாறச் சொன்னார்.

ஜப்பான்காரன் வரவேயில்லை. யுத்தம் முடிந்த பிறகு உத்தரவு ரத்து என்று ஒரு நாள் தமுக்கு அடித்தார்கள். குப்பத்து ஆட்கள் தோப்புக்குப் போய்ப் பார்த்தபோது பாதிக் கட்டைகளைக் கறையான் தின்றிருந்தது. மீதிப் பாதி இல்லை. முந்தின வருஷம் கரும்பு ஆலையாட்டியபோது வெல்லம் காய்ச்ச விறகு போதவில்லை என்று காவலாள் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டானாம். எங்கள் வீட்டிலும் அந்த வெல்லம்தான் வாங்கியிருந்தோம்.

இவர் அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை. மேரி இருக்கும் தெரு வழியாகப் போகாமல் வயல் வரப்பாகவே சுற்றிக்கொண்டு போய் வருவார்.

பல காலம் கழித்து மீன்காரியைப் பாகூர்ச் சந்தையில் ஒரு தடவை பார்த்தேன். கருவாடு வைத்து உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

"பையன் எப்படிக் கீறான்?" என்றேன்.

"கடலூர் துறைமுகத்துல மூட்ட தூக்கறான். கடல்ல எறங்க மாட்டேங்கறான்." கொஞ்சம் நிறுத்தி, "ஐயா நல்லாக் கீறாரா?" என்றாள்.

"கீறாரு."

வேறு ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் வேறொருத்திக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்தேன். இவரிடம் சொன்னபோது, பையன் என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். அன்றைக்கு வயலில் தண்ணீர் கட்டுகிற வேலை ஒன்றும் இருக்கவில்லை.