ஆல்ட்டர் பீஸை மட்டும் படி!

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் துணைக்குப் போய், திட்டு வாங்கி வந்தேன். திட்டியது டீச்சர் இல்லை. என்னைக் கூட்டிப்போன எஸ்தர்.

எஸ்தர் தாராவியில் ஒரு சட்டை தைக்கும் பட்டறையில், அங்கே சொல்கிறபடி கார்கானாவில், செக்கிங் பார்க்கிறாள். தைத்து வரும் ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்த்து, கோணல் தையலைக் கண்டுபிடிக்கும் வேலை. மாட்டுங்காவில் எனக்கு பிளவுஸ் தைத்துக் கொடுத்த நாளிலிருந்து பழக்கம். மகள் ஜெனிஃபர் ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். சயின்ஸில் ஃபெயில். "மிஸ்ஸு இங்கிலீஷ்ல பேசுவாவ, நீங்களும் வாங்கக்கா" என்று கூப்பிட்டாள். பத்திரிகையில் எழுதுகிறவளாயிற்றே, போகாமல் இருப்பேனா?

டீச்சர் ரொம்ப இனிமையாகப் பேசினார். எனக்கு அதுதான் உறுத்தியது. மூன்று வாரத்தில் மறுதேர்வு இருக்கிறது... ஆனால் எதற்கு வீண் சிரமம்? பத்தாவதை வெளியிலிருந்து பிரைவேட்டாக எழுதிவிடலாமே? அதற்கான பதினேழாம் நம்பர் ஃபார்மை மேஜையில் நகர்த்தினார். கூடவே, நாங்களே விரும்பிப் பிள்ளையை நிறுத்திக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம். எஸ்தர் கையெழுத்துப் போட்டால் பள்ளியின் ரிசல்ட் சுத்தமாக இருக்கும். ஜெனிஃபருக்குத்தான் பெஞ்ச் இருக்காது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "பிராக்டிகலா யோசிச்சா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்கக்கா!" எஸ்தர் ஃபார்மைத் திருப்பித் தள்ளினாள். "எம் பிள்ளைய நான் எதுக்கு வெளிய எடுக்கணும்? பரீட்ச வைக்கட்டும், அவ எழுதட்டும். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லுங்க. இங்கிலீஷ்லயே சொல்லுங்க!"

சொன்னேன். இங்கிலீஷிலேயே.

வெளியே வந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தில் டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். மூன்று கலரில் ஹைலைட்டர் வாங்கினேன். ஒவ்வொரு பாடத்தையும் பத்து தடவை வாசி, முக்கியமானதுக்குக் கலர் அடி, அழகாக எழுதிப் பார் — நான் அப்படித்தானே படித்தேன்! ஜெனிஃபர் சொன்னபடி கேட்கிற பெண். ஒரே வாரத்தில் புத்தகம் முழுக்க மஞ்சள், பச்சை, ரோஸ்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று தெரிந்து போனேன். அவசர மால், உடனே போகவேண்டிய சரக்கு என்று ஒரு மூட்டை சட்டையை வீட்டுக்கே கொண்டுவந்து எஸ்தர் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜெனிஃபரின் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்: "ஆசிடும் பேஸும் சேர்ந்தா என்ன ஆகும்?"

"பச்சைக் கலர் அடிச்சிருக்கேன் ஆன்ட்டி. ரைட் சைடு பேஜ், மேல..."

"சரி, அதுல என்ன இருக்கு?"

கண் நிறைந்துவிட்டது. "தெரியல ஆன்ட்டி."

எஸ்தர் நிமிர்ந்தாள். "ஏட்டி, தெனமும் மொதப் பக்கத்துலேர்ந்தே படிக்கியே... தெரிஞ்சதையும் எதுக்குத் திரும்பத் திரும்பப் படிக்க?"

"ஆன்ட்டிதான் சொன்னாங்க."

எஸ்தர் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை! "இங்க பாருட்டி. நூறு சட்ட வந்தா நூறையுமா பிரிச்சுத் தைக்கோம்? ஓகே மாலு ஒரு பக்கம், தையல் கோணின ஆல்ட்டர் பீஸு ஒரு பக்கம். ஆல்ட்டர மட்டுந்தான் மிஷினுக்கு அனுப்புவோம். எது ஆல்ட்டர்னே பாக்காம காலிபீலி சும்மா தச்சிக்கிட்டே இருந்தா வெளங்குமா?"

ஜெனிஃபர் ஹைலைட்டர்களை ஓரமாக வைத்தாள். பிறகு பழைய காலண்டர் தாள்களைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினாள். ஒரு துண்டுக்கு ஒரு கேள்வி. புத்தகத்தை மூடிக்கொண்டு துண்டின் பின்னால் பதில் எழுதினாள். திறந்து சரிபார்த்து இரண்டு பக்கமாகப் பிரித்தாள். ஓகே குவியல் குட்டியாக இருந்தது. ஆல்ட்டர் குவியலைப் பார்த்து நான்தான் பயந்தேன். அவள் பயப்படவில்லை. எங்கே ஓட்டை என்று முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து ஆல்ட்டரை மட்டும் படித்தாள். மூடினாள், எழுதினாள், சரிபார்த்தாள். மூன்று நாள் கழித்து ஓகே குவியலிலிருந்தும் உருவ ஆரம்பித்தாள். தெரிந்ததை எதற்கு என்று கேட்டேன். "மாலு வாங்க வர்ற பார்ட்டி ஓகே பீஸையும் உருவிப் பாப்பாங்கல்ல ஆன்ட்டி" என்றாள். மறந்துபோன நாலைந்து துண்டு ஆல்ட்டருக்கே திரும்பிப் போனது.

'படி, படி' என்று உயிரை வாங்குகிறோமே... எப்படிப் படிப்பது என்று நம்மில் ஒருவராவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? புத்தகம் திறந்திருந்தால் எல்லாமே தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடினால்தான் வண்டவாளம் தெரியும். கலர் பேனாவை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்துகிறோம். யார் மந்தம்? எனக்குக் கோபம் கோபமாக வருகிறது — என் மேலும் சேர்த்துத்தான்.

போன வாரம் ரிசல்ட். மூன்று பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நாற்பத்தாறு. பாஸ்!

டீச்சர் அப்போதும் இனிமையாகத்தான் சிரித்தார். "பத்தாவது இதைவிடக் கஷ்டம். ஃபார்ம் போட இன்னும் டைம் இருக்கு, யோசிங்க."

எஸ்தர் வாயைத் திறப்பதற்குள் ஜெனிஃபர் கையை நீட்டினாள். "என் ஆன்சர் பேப்பரைக் கொடுங்க மிஸ்."

"அதான் பாஸாயிட்டியே, இனி எதுக்கு?"

"தப்பானதையெல்லாம் பாக்கணும் மிஸ். பத்தாவதை நான் இங்க உக்காந்துதான் எழுதப்போறேன்."

டீச்சர் பேப்பரை எடுத்துக் கொடுத்தார்... வேறு வழி?