அண்ணன் பென்ஷனுக்கு நான் போட்ட டிக்

கேட்காமலே வருகிற கடிதங்களில் ஒன்று, எனக்கு எப்போது வயதாகும் என்று சொல்கிற கடிதம். இங்கே ஜெர்மனியில் ஓய்வூதிய அலுவலகம் ஆண்டுதோறும் அதை அனுப்பிவைக்கிறது. இன்ன மாதம் நீங்கள் வேலையை விடலாம், விட்டால் மாதாமாதம் இவ்வளவு வரும், நடுவில் நோயில் விழுந்தால் இவ்வளவு. ஐந்து ஆண்டு சந்தா கட்டியிருந்தாலே தகுதி வந்துவிடும். முதல் கடிதம் வந்தபோது எவனோ ஏமாற்றுகிறான் என்று குப்பையில் போடப் போனேன். அரசாங்கம் தானாகக் கடிதம் போட்டால் சந்தேகப்படுகிற ஊர்க்காரன் நான். இப்போது அதை ஃப்ரிட்ஜ் கதவில், ஸ்ரீரங்கத்துக் கோபுரம் போட்ட காந்தத்தில் மாட்டிவைக்கிறேன். காந்தம் அண்ணன் வாங்கித் தந்தது.

எதிர்வீட்டு ஹெல்கா ஓய்வுபெற்றவர். காலையில் நாயோடு நடப்பார், கோடையில் கப்பலில் போவார். ஒருநாள் காபிக்கு வந்தவர், "உங்கள் ஊரில் ஐம்பத்தெட்டிலேயே ஓய்வு என்றாயே, அறுபத்தொரு வயதில் உன் அண்ணன் என்ன செய்கிறார்?" என்று கேட்டார். இன்னும் வேலைக்குப் போகிறார் என்றேன். "அப்படியானால் அந்த வேலையை அவர் மனதார விரும்புகிறார்" என்று மகிழ்ந்துபோனார். ஆமாம், ரொம்ப என்றேன். வேறு என்ன சொல்ல?

அண்ணன் விரும்பும் வேலை இது. விடிவதற்குள் ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறி, கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டுக்குப் போக வேண்டும். நீலச் சட்டை, தொப்பி. கார் வந்தால் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்க வேண்டும். மூட்டுவலிக்காரருக்குப் பன்னிரண்டு மணி நேரம். அந்தக் குடியிருப்பில் பென்ஷன் வாங்குகிறவர்கள் பலர். நவம்பர் வந்தால் அவர்கள் உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வேண்டும். அதற்கு ரேகை எடுக்கும் கருவியோடு ஓர் ஆள் அங்கேயே வருவான். வரிசையில் அவர்கள் உட்கார நாற்காலி போடுவது அண்ணன். அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு ஒரு விளையாட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, யூனிபாரத்தில் சல்யூட் அடித்தபடி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கீழே ஒரு வரி: "உயிரோட இருக்கேன்டா." அன்றைக்கு நான் பணம் அனுப்புவேன். என் பென்ஷன் என் தம்பிதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறாராம். இந்தப் பென்ஷனுக்கும் விதிகள் உண்டு. நான் சாகக் கூடாது, எனக்கு வேலை போகக் கூடாது, அவர் கேட்கக் கூடாது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால் அண்ணன் துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். ஏழு ஆண்டு வேலை பார்த்தபின் பட்டறையை மூடிவிட்டார்கள். அதே மாதம் எனக்கு இங்கே படிக்க இடம் கிடைத்தது. விசா ஆயிற்று, டிக்கெட்டுக்குப் பணம் போதவில்லை. அண்ணன் பிஎஃப் ஃபாரத்தைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "நீயே நிரப்புடா. இந்த இங்கிலீஷ்லாம் எனக்கு வராது." பிஎஃப் பணம் எப்படியும் கைக்கு வரும். பென்ஷன் பங்குக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்றில் டிக் போட்டால் அதையும் பணமாகத் தருவார்கள். மற்றதில் போட்டால் ஒரு சர்டிபிகேட் தருவார்கள், பார்த்த ஏழு ஆண்டும் அடுத்த வேலையோடு சேரும். நான் டிக் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் நான் விமானம் ஏறினேன்.

பிறகு அண்ணன் பிஎஃப் இல்லாத வேலைகளில் அலைந்து, கடைசியில் தென்னூரில் ஒரு பைப் கடையில் சேர்ந்தார். முதலாளி, "ஆறு மாசம் போகட்டும், அப்புறம் பிஎஃப் பிடிக்கலாம்" என்றாராம். எல்லாக் கடையிலும் அப்படித்தானே என்று அண்ணனும் கேட்கவில்லை. சொன்னபடி ஆறு மாதம் கழித்தே பிடித்தார்கள். ஐம்பத்தெட்டு முடிந்தபோது நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். இருவரும் பிஎஃப் ஆபீசுக்குப் போனோம். அண்ணன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார்.

கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஒன்பது வருஷம் அஞ்சு மாசம் வருதுங்க. பத்து வருஷம் இருந்தாத்தான் பென்ஷன். ஒன்பதரை இருந்தாக்கூட பத்தா எடுத்துப்போம். ஒரு மாசம் குறையுதே. ஐம்பத்தெட்டு முடிஞ்சுட்டதால இனிமே சேர்க்கவும் முடியாது."

"அதுக்கு முன்னாடி ஏழு வருஷம் பார்த்தேம்மா."

"அதைப் பணமா எடுத்துட்டீங்களே. சர்டிபிகேட் வாங்கியிருந்தா அதுவும் இதோட சேர்ந்திருக்கும். ஃபாரத்தைப் படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டா இப்படித்தாங்க."

"தப்புதாம்மா" என்றார் அண்ணன்.

நான் பக்கத்தில்தான் நின்றேன், இரண்டு பட்டங்களோடு. வாயைத் திறக்கவில்லை. வெளியே வந்து அவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "விடுடா, என் தலையெழுத்து" என்று என்னைத் தேற்றினார்.

நான் சொல்லாதது ஒன்று உண்டு. ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்காவது சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் செய்த பிழை இல்லை. அன்றைக்கு இரண்டு கட்டங்களையும் படித்தேன். நன்றாகவே புரிந்தது. சர்டிபிகேட் எனக்கு டிக்கெட் வாங்கித் தராது என்பதும் புரிந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு விசிறிக்கொண்டிருந்தார், கரண்ட் போயிருந்தது.

போன வாரம் இந்த ஆண்டுக் கடிதம் வந்தது. அண்ணன் படம் ஒன்றைப் பிரிண்ட் எடுத்து அதன் பக்கத்திலேயே, அதே காந்தத்தில் மாட்டினேன். ஹெல்கா வந்து உற்றுப் பார்த்தார். யூனிபாரம், தொப்பி, விறைப்பான சல்யூட்.

"உன் அண்ணன் ராணுவ அதிகாரியா?"

"யா" என்றேன்.

மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனார். இன்று முதல் தேதி. சற்றுமுன் புதுப் படம் வந்தது. கேட், சல்யூட், போன மாதத்தைவிட ஒட்டிப்போன கன்னம். கீழே வழக்கமான வரியோடு இன்னும் இரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன.

"உயிரோட இருக்கேன்டா. நீ இருக்கியா?"

பணத்தை அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை.